கொழும்புக்குப் போன அந்த ஒரு நாள்

எங்கள் ஊர்ப் பாடசாலைகளில் சுற்றுலாக் காலம் வந்துவிட்டால் பெண் பிள்ளைகள் உள்ள வீடுகளில் ஒரு வழக்குத் தொடங்கிவிடும். பிள்ளை அனுமதிக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு அழும். தாய் அடுப்படியில் நின்று முகத்தைத் திருப்பிக்கொள்வாள். "ஆம்பிளப் புள்ளயெண்டாப் பரவாயில்ல" என்று மூத்தம்மா ஒரு பக்கத்தால் சொல்லுவா. கடைசியில் சில கடிதங்கள் கையொப்பத்தோடு பாடசாலைக்குப் போகும். பல கடிதங்கள் கொப்பிக்குள்ளேயே மடிந்து கிடக்கும்.

நான் சம்மாந்துறையில் ஓர் ஆசிரியை. அந்தக் கடிதங்களைச் சேகரிப்பது வருடாவருடம் என் வேலை. வெறுமையாகத் திரும்பி வரும் கடிதத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு 2003ஆம் வருடம் ஞாபகத்துக்கு வரும். அந்த வருடம் என் உம்மா ஒரு கடிதத்தில் கைநாட்டு வைத்தா. அதனால் எனக்குக் கிடைத்த ஒரே ஒரு நாளைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன்.

போர்நிறுத்த உடன்படிக்கை 2002 பெப்ரவரி 22இல் கைச்சாத்தாகி ஒரு வருடம் கடந்திருந்தது. பாதைகள் திறந்திருந்தன. யுத்தத்தில் தகப்பனை இழந்த உயர்தர வகுப்பு மாணவிகளைக் கொழும்புக்குக் கல்விச் சுற்றுலா கூட்டிப் போக ஒரு நலன்புரி அமைப்பு ஏற்பாடு செய்தது. சம்மாந்துறை, நிந்தவூர் பக்கத்திலிருந்து முஸ்லிம் பிள்ளைகள். வீரமுனை, காரைதீவு பக்கத்திலிருந்து தமிழ்ப் பிள்ளைகள். எல்லோரும் ஒரே பஸ்ஸில் போக வேண்டும். அதுதான் பிரச்சினையாயிற்று.

என் வாப்பா 1990 ஓகஸ்ட் மாதத்தின் முதல் வாரத்தில் வட்டைக்குப் போனவர். சிறுபோக வேளாண்மை வெட்டுக் காலம். திரும்பி வரவில்லை. எனக்கு அப்போது நாலு வயது. உம்மா இத்தா இருந்து எழும்பிய பிறகு நெல் அவித்துக் குத்தி, அரிசி விற்று எங்கள் மூன்று பேரையும் வளர்த்தா. வாப்பாவைக் கொன்றவர்கள் 'அவங்கட ஆக்கள்' என்பதைத் தவிர வேறு விபரம் எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. அதற்கு மேல் யாரும் பேசுவதுமில்லை.

கடிதத்தை நீட்டியபோது உம்மா கேட்ட முதல் கேள்வி இதுதான்:

"பஸ்ஸில பக்கத்தில ஆரு இருப்பா?"

எனக்குத் தெரியாது என்றேன். உம்மா சுளகைக் கீழே வைக்கவேயில்லை. மூன்று நாள் பேசவுமில்லை. நாலாம் நாள் வரலாற்று ரீச்சர் வீட்டுக்கு வந்தா. உம்மாவோடு அடுப்படியில் குந்தியிருந்து என்ன பேசினாவோ தெரியாது. ரீச்சர் போன பிறகு உம்மா பெருவிரலில் மை தடவி, கடிதத்தின் அடியில் அழுத்தினா. பிறகு அந்த விரலைச் சாம்பல் போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினா.

ஒரு வெள்ளிக்கிழமை இஷாத் தொழுகைக்குப் பின் ஹிஜ்ரா சந்தியில் பஸ் வந்து நின்றது. எல்லோரும் பாடசாலைச் சீருடையில்தான் போனோம். நாங்கள் வெள்ளைக் காற்சட்டையும் முக்காடும். அவர்கள் வெள்ளைக் கவுனும் கழுத்துப் பட்டியும். ரீச்சர் பட்டியல் பார்த்து ஆசனம் சொன்னா. ஒவ்வொரு ஆசனத்திலும் ஒரு சோனகப் பிள்ளை, ஒரு தமிழ்ப் பிள்ளை என்று இருத்தினா. ஜன்னல் ஓரம் எனக்குக் கிடைத்தது. பக்கத்தில் வீரமுனைப் பிள்ளை ஒருத்தி வந்து இருந்தாள்.

வீரமுனை எங்கள் ஊரோடு ஒட்டிய ஊர். எங்கள் கோழி அங்கே போய் முட்டையிடும் என்று பகிடியாகச் சொல்லுவார்கள். ஆனாலும் பதினேழு வயது வரை அந்த ஊர்ப் பிள்ளை ஒருத்தியோடு நான் ஒரு வார்த்தை பேசியதில்லை. இரண்டு பேருக்கும் நடுவில் அவளுடைய பையை வைத்தாள். நானும் என்னுடைய பையை வைத்தேன். நடுவில் ஒரு மதில் எழும்பிவிட்டது.

அம்பாறை, உகணை, மகா ஓயா தாண்டி பஸ் இருட்டில் ஓடியது. மஹியங்கனைக்கு அப்பால் மலையில் ஏறுகிற பதினெட்டு வளைவு உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். சமதரையில் பிறந்த எங்களுக்கு அது புதிது. நாலாவது வளைவிலேயே எனக்கு வயிற்றைப் பிரட்டியது. வாயைப் பொத்திக்கொண்டு தடுமாறினேன். பக்கத்திலிருந்து ஒரு பை நீண்டது. பின்னால் ஒரு தேசிக்காய் வந்தது. அவள்தான் நகத்தால் கீறி என் மூக்கில் பிடித்தாள். "மணந்துகொண்டு இரி. வெளியால பார்க்காத" என்றாள். அதுதான் எங்கள் முதல் பேச்சு. நன்றி சொல்லக்கூட எனக்குத் தெம்பில்லை.

கண்டி தாண்டிய பிறகு ஒரு சோதனைச் சாவடி. சமாதான காலம் என்றபடியால் இறக்கவில்லை. ஒரு பொலிஸ்காரர் ஏறி, டோர்ச் அடித்து, சிங்களத்தில் ஏதோ கேட்டார். ரீச்சர் கடிதத்தைக் காட்டினா. ஒரு நிமிடம்கூட இல்லை. ஆனால் அந்த நிமிடத்தில் அவளுடைய கையைப் பார்த்தேன். அடையாள அட்டையை இறுக்கிப் பிடித்திருந்தாள். விரல் நுனி எல்லாம் வெளிறிப் போயிருந்தது. எனக்கு அந்தப் பயம் வரவில்லை. காரைதீவுச் சந்தியைத் தாண்டிப் போகும்போது எனக்கு வருகிற பயம் அவளுக்கு வராது. அவளுக்கு ஒரு இடத்தில் பயம், எனக்கு இன்னொரு இடத்தில் பயம் என்பது அன்றுதான் எனக்குப் புரிந்தது.

விடியும்போது களனிப் பாலம். பாலத்துக்கு அப்பால் கொழும்பு. லொறிகள், பஸ்கள், ஹோர்ன் சத்தம், வெள்ளாப்பிலேயே வேலைக்கு ஓடுகிற பெண்கள். ஒரு பெண் சேலையை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடி வந்து, நகருகிற பஸ்ஸில் தொத்தி ஏறினாள். யாரும் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. எங்கள் ஊரில் என்றால் மூன்று நாளைக்குப் பேச்சாக இருக்கும்.

முகம் கழுவி, கொண்டுபோன ரொட்டியைத் தின்றுவிட்டு, முதலில் போனது தேசிய நூதனசாலைக்கு. வெள்ளை வெளேரென்ற பெரிய கட்டடம். முற்றத்தில் விழுது விட்ட பெரிய ஆலமரங்கள். தேசாதிபதி வில்லியம் கிரகரியின் காலத்தில், 1877ஆம் ஆண்டு ஜனவரி முதலாம் திகதி அது திறக்கப்பட்டது என்று ரீச்சர் சொன்னா. அதைக் கட்டிய ஒப்பந்தக்காரர் வாப்பிச்சி மரிக்கார் என்னும் முஸ்லிம். திறப்பு விழாவில் "உமக்கு என்ன சன்மானம் வேண்டும்?" என்று கேட்டதற்கு, வெள்ளிக்கிழமைகளில் இதை மூடி வைக்க வேண்டும் என்று மட்டும் அவர் கேட்டதாக ஒரு கதை வழங்குகிறது. அக்காலத்தில் நூதனசாலைக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. அதனால்தான் எங்களைச் சனிக்கிழமை கூட்டிவந்தார்கள். எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்குத் தலை நிமிர்ந்துவிட்டது. ஒரு சோனகர் கட்டின கட்டடம்!

உள்ளே கண்டி அரசனின் சிங்காசனம், முடி, வாள், வெண்கலச் சிலைகள். எல்லாவற்றுக்கும் முன்னால் நின்று நின்று போனோம். உண்மையைச் சொன்னால் பாதி இப்போது மறந்துவிட்டது. மறக்காதது ஒரு கல்தான்.

கற்கள் வைத்திருக்கிற பகுதியில் அது நின்றது. ஏறக்குறைய நாலே முக்கால் அடி உயரம், இரண்டரை அடி அகலம். மேலே இரண்டு பறவைநாகங்கள் எதிரெதிரே செதுக்கப்பட்டிருக்கும். கீழே எழுத்துகள். ரீச்சர் எங்களை வட்டமாக நிற்கச் சொல்லி, கொப்பியில் எழுதி வந்ததை வாசித்தா. இது காலியில் கிடைத்த மும்மொழிக் கல்வெட்டு. 1409ஆம் ஆண்டுத் திகதியிட்டது. சீனச் சக்கரவர்த்தியின் கப்பற்படைத் தலைவர் செங் ஹே என்பவர் கொண்டுவந்தது. அவர் ஒரு முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவர். வலது பக்கத்தில் சீன எழுத்து. இடது பக்கத்தில் மேலே தமிழ். அதற்குக் கீழே பாரசீகம்.

"மூன்று மொழியிலும் என்ன எழுதியிருக்கிறது தெரியுமா?" என்று ரீச்சர் கேட்டா. யாருக்கும் தெரியவில்லை.

சீன மொழியில் புத்தபெருமானுக்குக் கொடுத்த காணிக்கைகள். தமிழில் தேவேந்திரமுனையில் கோயில் கொண்டிருந்த தென்னாவர நாயனாருக்கு, அதாவது விஷ்ணுவுக்குக் கொடுத்த காணிக்கைகள். பாரசீகத்தில் அல்லாஹ்வின் பெயரால் கொடுத்தவை. பொன் ஆயிரம், வெள்ளி ஐயாயிரம், பட்டு, எண்ணெய், விளக்கு, வாசனைப் பொருட்கள். பாரசீகப் பகுதி மிகவும் தேய்ந்திருக்கிறது. ஆனாலும் வாசிக்க முடிந்த அளவில் மூன்று பட்டியல்களும் ஏறக்குறைய ஒன்றுதான் என்று அறிஞர்கள் சொல்கிறார்கள்.

"ஒருத்தருக்குக் கூட்டி, ஒருத்தருக்குக் குறைச்சுக் குடுக்கல்ல" என்று ரீச்சர் கொப்பியை மூடினா.

மற்றவர்கள் நகர்ந்துவிட்டார்கள். நான் நின்றேன். வீரமுனைப் பிள்ளையும் நின்றாள். அவள் மேலே இருந்த தமிழ் வரிகளை விரல் படாமல் தடவி, "இது 'ன' மாதிரி இருக்கு... இது 'ர'வோ?" என்று எழுத்துக் கூட்டினாள். ஆறு நூற்றாண்டுக்கு முந்தைய எழுத்து, அவளுக்கு அங்கொன்று இங்கொன்றாகத்தான் பிடிபட்டது. நான் குனிந்து கீழே பார்த்தேன். ஓதப்பள்ளியில் படித்த கண்ணுக்கு ஒரு அலிபும் ஒரு லாமும் தெரிந்தமாதிரி இருந்தது. "இங்க பாரு, இது எங்கட எழுத்து" என்றேன். அவள் குனிந்தாள். நான் நிமிர்ந்து அவளுடைய 'ன'வைப் பார்த்தேன். இரண்டு தலையும் முட்டிக்கொண்டது. இருவரும் சிரித்துவிட்டோம். காவலாளி எங்களைப் பார்த்து விரலை உதட்டில் வைத்தார்.

வெளியே வரும்போது ரீச்சரிடம் ஒரு கேள்வி கேட்டேன். இவ்வளவு நல்ல கல் எப்படிக் காணாமல் போனது? ரீச்சர் சொன்ன பதில் எனக்கு மறக்காது. அந்தக் கல் 1911இல்தான் கண்டெடுக்கப்பட்டதாம். காலி நகரத்தில் ஒரு வடிகானுக்கு மூடியாக, எழுத்துள்ள பக்கம் கீழே பார்க்கக் கவிழ்ந்து கிடந்ததாம். அதற்கு மேலால் சனங்கள் நடந்து திரிந்திருக்கிறார்கள்.

இன்னொன்றையும் சொன்னா. அதே செங் ஹேயின் படை கொஞ்சக் காலத்திலேயே இங்குள்ள ஆட்சியாளரோடு சண்டை பிடித்து, அவரைச் சிறைபிடித்துச் சீனாவுக்குக் கொண்டுபோனது. சரித்திரத்தில் அது 1411 என்று வரும். காணிக்கை கொண்டுவந்த கப்பலில் ஆயுதமும் வந்திருக்கிறது. "கல்லில எழுதினாப் போதாது பிள்ளைகள், அதைக் கவிழாமப் பாத்துக்கொள்ளவும் வேணும்" என்றா ரீச்சர்.

பகல் சாப்பாட்டுக்கு அருகிலிருந்த விகாரமகாதேவி பூங்காவுக்குப் போனோம். முன்பு அதற்கு விக்டோரியா பூங்கா என்று பெயர். மர நிழலில் பாய் விரித்தோம். முதலில் லுஹர் தொழ வேண்டும். பூங்காவில் ஆட்கள் போய்வந்துகொண்டிருந்தார்கள். வெட்கமாக இருந்தது. அப்போது தமிழ்ப் பிள்ளைகள் நாலைந்து பேர் யாரும் சொல்லாமலே எழும்பி, எங்களுக்கு முதுகைக் காட்டியபடி வரிசையாக நின்றார்கள். அந்த மறைப்புக்குப் பின்னால் தொழுது முடித்தோம்.

பிறகு பார்சல்களைப் பிரித்தோம். இந்த இடத்தைத்தான் எழுதும்போது எனக்குக் கை கொஞ்சம் தயங்குகிறது.

உம்மா எனக்குச் சோறும் மாட்டிறைச்சிக் கறியும் கட்டியிருந்தா. இறைச்சி எங்கள் வீட்டில் பெருநாளுக்குத்தான். அரிசி விற்ற காசைச் சேர்த்து வாங்கியிருப்பா. வாழையிலையைப் பிரித்ததும் வாசம் எழும்பியது. பக்கத்தில் அவளும் பிரித்தாள். கத்தரிக்காய்ப் பால்கறி, பருப்பு, வாழைக்காய்ப் பொரியல், தேங்காய்ச் சம்பல். மீனில்லை, முட்டையுமில்லை. சோறு ஒருத்தி தின்னுகிற அளவைவிடக் கூட இருந்தது.

"நீ சைவமா?" என்று கேட்டேன்.

"இல்ல, மீன் இறைச்சி எல்லாம் தின்னுவன். அம்மாதான் மரக்கறி கட்டினவ. 'பக்கத்தில சோனகப் பிள்ளை இருந்தா, அவள் நம்மட இறைச்சி தின்னமாட்டாள். மரக்கறியெண்டாக் கூடித் தின்னலாம்' எண்டு சொன்னவ."

எனக்குத் தொண்டைக்குள் சோறு நின்றுவிட்டது. என் உம்மா "பக்கத்தில ஆரு?" என்று பயந்து கேட்ட அதே நாட்களில், ஒரு வேலிக்கு அப்பால் இன்னொரு தாயும் அதே கேள்வியைக் கேட்டிருக்கிறா. கேட்டுவிட்டு ஒரு கத்தரிக்காய் கூட வெட்டிப் போட்டிருக்கிறா. என்னிடம் இருந்ததோ அவளுக்குக் கொடுக்க முடியாத மாட்டிறைச்சி. உம்மாவிலும் குற்றமில்லை. தன் பிள்ளைக்கு ஆசையாகக் கட்டினா. ஆனால் பக்கத்து ஆசனத்துக்கும் ஒரு வயிறு இருக்கும் என்று எங்கள் வீட்டில் யாரும் நினைக்கவில்லை, நானும் நினைக்கவில்லை.

என் பார்சலை மூடி வைத்தேன். அவளுடைய இலையிலிருந்து இரண்டு பேரும் தின்றோம். கறியில் கொஞ்சம் உப்புக் கூட. அதைச் சொன்னேன். "அம்மாட கை அப்பிடித்தான்" என்றாள்.

பின்னேரம் புறக்கோட்டைக்குப் போனோம். சிவப்பும் வெள்ளையுமான பள்ளிவாசலை வீதியில் நின்று அண்ணாந்து பார்த்தோம். நடைபாதைக் கடையில் ஒரு தலைக்கட்டு ஊசிப் பெட்டியைக் கையில் எடுத்து, நான் "இது எவ்வளவு கா?" என்றேன். அவள் பின்னாலிருந்து "மறுகா அந்தப் பச்சை எவ்வளவு?" என்றாள். கடைக்காரர் எங்களை ஏற இறங்கப் பார்த்தார். "ரெண்டு பேரும் மட்டக்களப்புப் பக்கமா? உடுப்பு ரெண்டு, பேச்சு ஒண்டா இருக்குதே" என்று சிரித்தார். கொழும்புக்காரருக்கு எங்கள் பேச்சில் எது சோனகம், எது தமிழ் என்று பிரிக்கத் தெரியவில்லை. எங்களுக்கு மட்டும்தான் தெரியும்.

கடைசியாகக் காலிமுகத்திடல். எங்களுக்குக் கடல் புதிதல்ல என்று நீங்கள் நினைப்பீர்கள். சம்மாந்துறையிலிருந்து காரைதீவுக் கடற்கரைக்குச் சைக்கிளில் போய்விடலாம். ஆனால் நான் வளர்ந்த காலத்தில் இடையில் இருந்த தூரம் அப்படியல்ல. பதினேழு வயதுக்குள் நான் கடலைக் கண்டது விரல் விட்டு எண்ணக்கூடிய தடவைகள். அதுவும் உம்மாவின் கையைப் பிடித்தபடி, வெயில் ஏறுமுன் வீடு திரும்ப வேண்டும் என்ற அவசரத்தோடு.

திடலோரத்து நடைபாதையில் ஒரு பழைய கல் இருக்கிறது. தேசாதிபதி சேர் ஹென்றி வார்ட் 1856இல் இந்த உலாப் பாதையைத் தொடங்கி 1859இல் முடித்தாராம். கொழும்பின் பெண்கள், பிள்ளைகள் ஆகியோரின் நன்மைக்காக இதைப் பேணும்படி தனக்குப் பின்வரும் ஆட்சியாளர்களுக்கு அதில் பரிந்துரை செய்திருக்கிறார். ரீச்சர் விளக்கம் சொன்னபோது எங்களில் ஒருத்தி, "அது வெள்ளைக்காரப் பொம்பிளயளுக்கு எழுதினதாக்கும்" என்றாள். "ஆருக்கு எழுதினதோ, இப்ப நீங்கள்தானே நிற்கிறீங்கள். ஓடுங்கோ" என்றா ரீச்சர்.

ஓடினோம். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, நாற்பது பெண் பிள்ளைகள் புல்லில் ஓடினோம். சின்னப் பிள்ளையாக இருந்தபோது ஓடியதற்குப் பிறகு நான் வெட்டவெளியில் ஓடியது அன்றுதான். பட்டம் விடுகிறவர்கள், இறால் வடை விற்கிறவர்கள், கைகோத்து இருக்கிற சோடிகள், யாரும் எங்களைக் கணக்கெடுக்கவில்லை.

அப்போதுதான் ஒன்றைக் கண்டோம். சூரியன் கடலுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. எங்கள் கரையில் சூரியன் கடலிலிருந்து எழும்பும். வயலுக்குப் பின்னால் விழும். கடலில் விழுவதை நாங்கள் யாரும் கண்டதில்லை. சத்தம் போட்டுக்கொண்டிருந்த பிள்ளைகள் எல்லோரும் அடங்கிப்போனார்கள்.

சுவரில் இருந்தபடி அவள் கேட்டாள். "உங்கட வாப்பா எப்ப?"

"தொண்ணூறு, ஓகஸ்ட். முதல் கிழமை."

"எங்கட அப்பாவும் ஓகஸ்ட்தான். பன்னிரண்டாந் திகதி. கோயிலுக்குள்ள."

வீரமுனைக் கோயிலில் அடைக்கலம் தேடியிருந்தவர்கள் 1990 ஓகஸ்ட் 12இல் கொல்லப்பட்டதை நானும் காதால் கேட்டிருக்கிறேன். எங்கள் பக்கத்தில் அதைப் பற்றி மெதுவாகத்தான் பேசுவார்கள். அதே மாதம் 3ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்கள் கொல்லப்பட்டதை அவளும் கேட்டிருப்பாள். அவர்கள் பக்கத்தில் அதை மெதுவாகப் பேசுவார்கள் போலும். அவளுடைய அப்பாவைக் கொன்றவர்கள் 'எங்கட ஆக்கள்'. என் வாப்பாவைக் கொன்றவர்கள் 'அவங்கட ஆக்கள்'. இரண்டு பேருக்கும் அப்போது நாலு வயது.

தகப்பனைப் பற்றி எது ஞாபகம் என்று மாறி மாறிச் சொன்னோம். எனக்கு, வாப்பாவின் சாரத்தில் வருகிற வைக்கோல் மணம். அவளுக்கு, சைக்கிள் பாரில் துவாய் மடித்துப் போட்டு அதன்மேல் தன்னை இருத்தியது. அவளுக்கும் ஒன்று, எனக்கும் ஒன்று. அதற்கு மேல் இருவரிடமும் இல்லை. நூதனசாலையில் பார்த்த அந்தக் கல்லைத்தான் நினைத்தேன். காணிக்கையைச் சரிசமமாக எழுதியிருந்தார்கள். எங்கள் இழப்பையும் யாராவது அப்படி ஒரே கல்லில் எழுதினால், இரண்டு பட்டியலும் ஒன்றாகத்தான் இருக்கும்.

நான் மன்னிப்புக் கேட்கவில்லை. அவளும் கேட்கவில்லை. நாங்கள் செய்ததில்லையே. இருட்டும்வரை அப்படியே இருந்தோம். திரும்பும் பஸ்ஸில் நடுவில் பைகள் இல்லை. பதினெட்டு வளைவு வந்தபோது நான் அவளுடைய தோளில் சாய்ந்து நித்திரை.

ஒரு நாள் சுற்றுலா எல்லாவற்றையும் மாற்றிவிட்டது என்று நான் சொல்லவில்லை. 2006இல் யுத்தம் மீண்டும் மூண்டது. 2009 மே மாதம் வரை நீடித்தது. எங்கள் இருவரின் தகப்பன்மாருக்கும் இன்றுவரை ஒரு நீதியும் இல்லை. ஆனால் சில சின்ன விடயங்கள் மாறின. 2004 டிசம்பர் 26இல் சுனாமி வந்து கரையோரச் சனங்கள் சம்மாந்துறைப் பாடசாலைகளில் வந்து நிறைந்தபோது, வீரமுனையிலிருந்து அவளும் தாயும் வந்தார்கள். பெரிய கிடாரங்களுக்குப் பக்கத்தில் என் உம்மாவும் அவளுடைய அம்மாவும் எதிரெதிரே இருந்து வெங்காயம் உரித்தார்கள். என்ன பேசினார்கள் என்று கேட்டேன். "என்னத்தைப் பேசுற? வெங்காயம் உரிச்சம், கண்ணால தண்ணி வந்திச்சு" என்றா உம்மா.

2019 ஏப்ரல் 21 குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு ஒரு வேலையாகக் கொழும்புக்குப் போனேன். சோதனைச் சாவடியில் என் முக்காட்டைக் கண்டதும் பையைக் கொட்டிப் பார்த்தார்கள். என் கையைப் பார்த்தேன். அடையாள அட்டையைப் பிடித்திருந்த விரல் நுனி வெளிறியிருந்தது. அன்று இரவு அவள்தான் தொலைபேசி எடுத்தாள். "பயமா இருந்ததா?" என்று கேட்டாள். அவளுக்கு நான் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

சகோதரிகளே, நம்மில் அநேகம் பேர் பிள்ளைகளைத் தனியாக வளர்த்தவர்கள், வளர்க்கிறவர்கள். பயம் நமக்குச் சும்மா வரவில்லை, காரணத்தோடுதான் வந்தது. ஆனால் நம் பயத்தைப் பிள்ளையின் பையில் கட்டிக் கொடுக்க வேண்டியதில்லை. போகிற இடத்தை விசாரியுங்கள். கூட்டிப் போகிற ரீச்சரை வீட்டுக்குக் கூப்பிட்டுக் கேளுங்கள். மனம் திருப்தியானால் கையொப்பம் வையுங்கள்.

போன மாதம் என் மகள் ஒரு கடிதத்தோடு வந்தாள். கொழும்புச் சுற்றுலா. தாமரைக் கோபுரத்தில் ஏறிப் பார்க்க வேண்டுமாம். இம்முறையும் இரண்டு ஊர்ப் பிள்ளைகளும் ஒன்றாகத்தான் போகிறார்கள். உம்மாவுக்கு இப்போது கண் மங்கல். வாசலில் கதிரையில் இருந்தபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தா. கடைசியில் அதே கேள்வியைக் கேட்டா.

"பக்கத்தில ஆரு இருப்பா?"

"தெரியாது மூத்தம்மா" என்றாள் மகள்.

உம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு அடுப்படிப் பக்கம் திரும்பி என்னிடம் சொன்னா:

"அப்பயெண்டா மரக்கறியும் கட்டு புள்ள. சோத்தைக் கொஞ்சம் கூடப் போடு."